பியெரோவும் முப்பத்தொரு பெயர்களும்

முதல் உலகப் போர் முடிந்து மூன்றாவது வசந்தம் அது. பிரான்சில் உளி பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் அந்த வருஷம் ஓய்வு கிடையாது. ஊருக்கு ஊர், செத்துப்போன பையன்களுக்கு நினைவுக்கல் கேட்டார்கள். பாரிஸில் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால், ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த உர்பேன் அதற்குள் பத்தொன்பது கல் முடித்துவிட்டான். எல்லாவற்றிலும் அதே இரும்புத் தொப்பி, அதே மீசை, அதே துப்பாக்கி. கீழே பெயர்கள்.

போர்க்காலத்தில் வயசாளிப் படையில் சேர்த்து அவனைக் குழி வெட்ட விட்டிருந்தார்கள்.

"அன்னிக்குப் புதைச்சேன், இன்னிக்குப் பேரு வெட்டுறேன். இந்தப் பசங்க என்னை விட மாட்டானுங்க போல" என்பான் மனைவி ஸெலியிடம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. அவள் வெந்நீரில் முக்கி நீவிவிட வேண்டும்.

சந்தின் கடைசி அறையில் காஸிமிர் என்றொரு போலந்துக்காரன் இருந்தான். முப்பது வயசுச் சிற்பி. மார்ச் மாதம் ஒருநாள் பிளாஸ்டர் உருவம் ஒன்றைத் தோளில் சுமந்துவந்து பட்டறையில் இறக்கினான்.

"இதைக் கல்லுல எடுத்துக் குடுங்கண்ணே. ஏப்ரல் கடைசியில கண்காட்சி."

"என்னப்பா இது, மாடியிலேர்ந்து விழுந்த அலமாரியா?"

"பியெரோண்ணே."

பியெரோவை யாருக்குத் தெரியாது? வெள்ளை மாவு பூசிய முகமும் தொளதொள வெள்ளைச் சட்டையுமாக மேடைக்கு வந்து, காதலியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற கோமாளி. ஆனால் இதில் முகமே இரண்டு பலகையாகப் பிளந்து, ஒன்று நேராகவும் ஒன்று பக்கவாட்டாகவும் நின்றது. கண்ணுக்குப் பதில் ஒரு பள்ளம். சட்டைப் பொத்தான் மூன்றும்தான் வட்டம். மற்றதெல்லாம் முனையும் மடிப்பும். கியூபிசம் என்று இதற்குப் பேர் வைத்திருந்தார்கள்.

"மூக்கு எங்க?"

"அந்த விளிம்புதாண்ணே மூக்கு."

"சளி பிடிச்சா பாவம், எதைச் சிந்துவான்?"

காஸிமிர் சிரித்தான். உர்பேனும் சிரித்தான். அடுப்படியிலிருந்து ஸெலி எட்டிப் பார்த்தாள்; புருஷன் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

விடிந்ததும் இரண்டு மணிநேரம் பியெரோவுக்கு, மீதி நாள் ஷாமெல் கிராமம் கேட்டிருந்த முப்பத்தொரு பெயர்க் கல்லுக்கு என்று வைத்துக்கொண்டான். கேலி செய்தவனுக்கு நாலே நாளில் அது பிடித்துப்போனது. ஒரு பட்டையைச் செதுக்கி முடித்தால் வெறும் பட்டைதான். அது யாருடைய பிள்ளையும் இல்லை. இரண்டு மணிநேரம் மூன்றாயிற்று. தூக்கம் குறைந்தது. மத்தியானம் ஷாமெல் கல்லின் முன் உட்கார்ந்தால் எழுத்துக்கள் கண்ணெதிரே நகர்ந்தன.

ஊரில் கல்லின் திறப்பு விழாவுக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது ஷாமெல் வாத்தியார் கல்லைப் பார்க்க வந்தார். கூடவே கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு கிழவி, மதாம் கொவேன். போருக்கு மகன்கள் இருவரைக் கொடுத்தவள். வாசிக்கத் தெரியாது, வாத்தியார் விரல் வைத்துச் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"கொவேன், எமில். கொவேன்..." வாத்தியார் நிறுத்தினார். "கொவேன், எமில்."

"எமிலைச் சொல்லிட்டீங்களே, வாத்தியாரே. ஜூல் எங்க?"

வாத்தியார் உர்பேனைப் பார்த்தார். உர்பேன் கல்லைப் பார்த்தான். எமில் இரண்டு தடவை இருந்தான். ஜூல் இல்லை.

அவள் கத்தவில்லை. அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். இவனை எமிலோட தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. ஜூலுன்னு நான் ஒருத்திதான் கூப்பிட்டேன்."

"அந்த இடத்தை மட்டும் தோண்டி வேற துண்டுக் கல்லு பதிச்சிடலாம், யாருக்கும் தெரியாது" என்றார் வாத்தியார்.

"மழை பட்டா ஒட்டு தெரியும்" என்றான் உர்பேன். "ஒழுங்கா வெட்டித் தர்றேன், அம்மா. போயிட்டு வாங்க."

அவர்கள் போனபின் ஸெலி வந்து நின்றாள்.

"என்ன செய்யப் போறே?"

"மொத்தத்தையும் தேய்ச்சுட்டுப் புதுசா வெட்டணும்."

"ஒரு பேருக்காக முப்பது பேரையும் அழிப்பியா? கை இருக்கிற லட்சணத்துல?"

"தூங்கி வழிஞ்சுக்கிட்டே வெட்டினவன் நான்தானே, ஸெலி? மத்த முப்பதை மட்டும் முழிச்சுக்கிட்டா வெட்டினேன்?"

அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

செய்தி காஸிமிருக்குப் போயிற்று. சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான்.

"உன் கோமாளிக்கு இடதுபக்கம் பாக்கியிருக்குப்பா" என்றான் உர்பேன். "கண்காட்சிக்கு ஆகாது."

"இடதுபக்கத்தைச் சுவரோரமா திருப்பி வெச்சுக்கிறேன். மணல் எங்கேண்ணே?"

ஈர மணலைக் கொட்டி, ஆளுக்கொரு பக்கமாகக் கனத்த தேய்கல்லைப் பிடித்து மூன்று நாள் இழுத்தார்கள். வெள்ளைச் சேறு முழங்கைவரை ஏறியது. முதலில் எழுத்துக்களின் ஓரம் மழுங்கியது, பிறகு ஒவ்வொன்றாகப் பெயர்கள் ஆழம் குறைந்து மறைந்தன. கல் மொட்டையானதும் உர்பேன் தேய்கல்லை விட்டான். வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தான்.

இந்தத் தடவை ஸெலி பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சத்தமாகச் சொன்னாள். அவன் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் உளியை வைத்தான். ஜூலின் பெயரில் பிரெஞ்சில் ஐந்தே எழுத்து. அதற்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது.

கல் வியாழக்கிழமை வண்டியேறியது. ஞாயிறன்று விழாவுக்கு வரச்சொல்லி வாத்தியார் கடிதம் போட்டிருந்தார். ஸெலி கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி எடுத்துவைத்தாள். உர்பேன் காலணிக்குள் ஒரு காலை நுழைத்தான், கட்டிலில் சாய்ந்தான், அப்படியே தூங்கிப்போனான். அவள் அந்த ஒற்றைக் காலணியைக் கழற்றிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

பியெரோவைக் கண்காட்சியில் யாரும் வாங்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்து, இடதுபக்கத்தைச் சிற்பி வேண்டுமென்றே முரடாக விட்டிருக்கிறார் என்று எழுதிப் பாராட்டினார். மே நடுவில் காஸிமிர் கைவண்டியில் அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பாக்கியை முடிச்சிடலாமாண்ணே?"

பட்டறையில் அன்று காலைதான் இன்னொரு ஊரின் கல் இறங்கியிருந்தது. ஐம்பத்துநாலு பெயர்கள். ஸெலி பட்டியலோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஓரமா நிறுத்துப்பா" என்றான் உர்பேன். "என் கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும். இது முடிஞ்சதும் பாப்போம்."

பிறகு மனைவி பக்கம் திரும்பி, "ம், சொல்லு" என்றான்.