முழங்கால் உயரம்

என் கொழுந்தனுக்கு நான் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மரத்தை முழங்கால் உயரம் விட்டு வெட்டு. விட்டால் அடிக்கட்டை துளிர்க்கும், சில வருடத்தில் கரிக்கு மறுபடி விறகு கிடைக்கும். வேரோடு தோண்டினால் அத்தோடு சரி, குடும்பமே வாயில் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கே காதில் ஏறியது!

அன்று காலை நானும் என் வீட்டுக்காரரும், விறகை அடுக்கி மண்ணால் மூடித் தீ வைத்திருந்த கரி மூட்டத்தைப் பார்க்கப் போனபோது, அவன் கடப்பாரையோடு கட்டைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். மூட்டத்தை ஒட்டிய வரிசையில் ஒரே ஒரு கட்டைதான் நின்றது. மற்றதெல்லாம் வேரை மேலே காட்டிக் கிடந்தது. நான் கத்தினேன்.

"டேய், பைத்தியமா உனக்கு? நாளைக்கு எதை வெட்டுவே, உன் தலையையா?"

"வேர்க்கரிதான் நின்னு எரியும் அண்ணி. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. என் பங்கு, நான் தோண்டுறேன்."

"பங்கே பிரிக்கலையேடா," என்று என் வீட்டுக்காரர் கடப்பாரையைப் பிடித்தார். அண்ணன் என்றும் பார்க்காமல் அவன் அதைப் பிடுங்கி அவர் கையிலேயே ஓங்கி அடித்தான். கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் சும்மா விடுவேனா? கரி வாரும் இரும்பு வாரியை எடுத்து அவன் தோளில் ஒரு போடு போட்டேன். சட்டையோடு சதையும் கிழிந்தது. அவன் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே தள்ளினான். என் வாயெல்லாம் மண்ணும் ரத்தமும்.

"இந்த மூட்டம்தானே உங்களுக்குப் பெருசு? இப்பப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே அதன்மேல் ஏறினான்.

"ஏறாதேடா! உள்ளே வெந்துடுச்சு!"

"நேத்துதானே தீ வச்சீங்க? எங்கிட்டேயே கதை விடுறீங்களா?"

அவன் கணக்கு தப்பில்லை. மூட்டம் போட்டே வளர்ந்தவன். பச்சை விறகாக இருந்தால் மறுநாள் மேலே ஏறி நின்று மண்ணை மிதிப்போம், ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தத் தடவை நாங்கள் விறகை நன்றாகக் காயவைத்து, புகை போக ஒரு தகரக் குழாயும் வைத்திருந்தோம். குறைந்த விறகில் கரி கூடுதலாகத் தேறும், சீக்கிரமும் வேகும். "மூட்டத்துக்கு சிகரெட் வாங்கிக் குடுத்திருக்கீங்களா அண்ணி?" என்று கிண்டலடித்தவன் இவன்தான். இப்போது உள்ளே விறகு வெந்து சுருங்கி, மேல்மண் வெறும் ஓடாக நின்றது.

கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். ஓடு உடைந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் நெருப்புக்குள் போனது.

சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அவன் "அண்ணி" என்று அலறியதும் கால் தானாக ஓடியது. விறகு கட்டும் கயிற்றின் ஒரு நுனியை அவனிடம் வீசி, மறுநுனியை மிச்சமிருந்த கட்டையில் கட்டினேன். அவன் பிடித்து இழுத்தான். கட்டை வேரோடு பெயர்ந்து வந்தது. அதன் அடியையும் அவன் ஏற்கெனவே நெம்பி வைத்திருக்கிறான், பாவி.

"வேற கட்டையில கட்டுங்க அண்ணி!"

"எங்கேடா வச்சிருக்கே வேற கட்டை?"

கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அவன் தோண்டிய குழியில் காலை ஊன்றி இழுத்தேன். என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் இழுத்தார். அவன் வெளியே வந்து விழுந்தான். காற்று புகுந்த மூட்டம் குப்பென்று பற்றி, அத்தனை கரியும் சாம்பலானது. அவன் கால்களைப் பார்த்துவிட்டு நான் வாந்தியெடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"முழங்கால் உயரம் விட்டுத்தான் வெட்டியிருக்காங்க அண்ணி. துளிர்க்குமா?"

"வாயை மூடுடா நாயே," என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.