கம்பளியில் சொன்ன வசனம்

வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்து

முதலில் நடந்ததை முதலில் எழுதுகிறேன். இன்று செல்லப்பா மாஸ்டர் ஆங்கிலப் பாடம் நடத்தவில்லை. கறுப்பையாவுக்குக் கணக்கெழுதும் கிளாக்கர் வேலை எப்படிக் கிடைக்கும் என்பதே வகுப்பு முழுவதும் பேச்சு.

கறுப்பையா ஹேவாஹெட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தபால் பை தூக்குகிறவன். செவ்வாயும் வெள்ளியும் கண்டிக்கு வந்து, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கடிதங்களையும் பங்களாவுக்கு வேண்டிய ரொட்டி, இறைச்சி, மருந்துகளையும் வாங்கிக்கொண்டு, எங்கள் புடவைக்கடையின் பின்கட்டில் படுத்துக் காலை முதல் பஸ்ஸில் திரும்புவான். அந்த இரண்டு மாலைகளில்தான் வகுப்பு. எனக்கு முன்பே சேர்ந்தவன். என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுகிறான். கணக்கும் அப்படியே. தோட்டத்து அலுவலகமான கந்தோரில் இருக்கும் கிழக் கிளாக்கர் அடுத்த மாதம் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். அந்தக் கதிரை கறுப்பையாவுக்கு வேண்டும். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒருவனும் இதுவரை அதில் உட்கார்ந்ததில்லை.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் ஒரு கம்பனியில் லிகிதர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எழுத்தாளர்தான்: முந்நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன அந்த ஆங்கில நாடகக் கவிஞர். பெயர் சொல்லமாட்டார். 'எங்கட ஆள்' என்பார். தேநீர் ஆறியிருந்தாலும் பஸ் தவறினாலும் மழைக்குக் குடை இல்லாவிட்டாலும் எங்கட ஆளிடமிருந்து ஒரு வரி வந்துவிடும். எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. அரைமணி நேரம் துணியைப் புரட்டிவிட்டு வாங்காமல் போகிறவர்களை நான் இப்போது மனதுக்குள் அந்தக் கவிஞரின் வசவுகளால்தான் ஏசுகிறேன். தமிழில் ஏசினால் அவ்வளவு திருப்தி வருவதில்லை. இது சரியா என்று தெரியவில்லை.

கறுப்பையாவுக்கு வசனங்களை விட அவருடைய வாழ்க்கைதான் பிடிக்கும். தகப்பன் கையுறை தைத்து விற்றவர், மகன் பெரிய கல்லூரி எதிலும் படிக்காதவர், நாடகக் கொட்டகை வாசலில் கனவான்களின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றுகூடச் சொல்வார்கள், கடைசியில் சொந்த ஊரிலேயே பெரிய வீடு வாங்கினார்: இதை மாஸ்டர் சொன்ன அன்று கறுப்பையா கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை.

"கையுறைன்னா தோல்லதானே மாஸ்டர் தைக்கிறது?"

"ஓம், தோலிலைதான்."

"தோல் வேலை செஞ்சவங்களை அந்த ஊர்ல எல்லாரும் எடுக்கிற கெணத்துல தண்ணி எடுக்க விட்டாங்களா?"

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். "அது வேற தேசம் தம்பி," என்று புத்தகத்தைப் புரட்டிவிட்டார்.

தோட்டத்துப் பெரிய துரையும் இந்தக் கவிஞருக்கு அடிமை. பங்களாச் சுவரில் அவருடைய படம் தொங்குகிறதாம்; மொட்டை நெற்றி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி. ஒவ்வொரு ஏப்ரலிலும் கவிஞரின் பிறந்தநாளுக்குப் பக்கத்துத் துரைமாரை அழைத்து விருந்து வைத்து, ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும் என்பாராம். இதைக் கேட்டதும் மாஸ்டர் மேசையில் அடித்தார்.

"பிறகென்ன? விருந்து நாளண்டு போய் நில்லும். எங்கட ஆளின்ர வாயாலை வேலையைக் கேளும். மனுசன் உருகிப்போவார்."

"விண்ணப்பம் ஒண்ணு எழுதிக் குடுக்க வேணாமா மாஸ்டர்?"

"விண்ணப்பம் ஊரெல்லாம் குடுக்கும். இதை ஆர் செய்வினம்?"

அரசனுக்கு முன்னால் நின்று ஒருவன் தான் செய்த சேவைகளை எல்லாம் எடுத்துச் சொல்லும் நீண்ட பேச்சு ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். கிளாக்கர் வேலைக்குக் கணக்குத்தானே பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வகுப்பில் நான்தான் கடைசி. எனக்குத் தோன்றுவதை எல்லாம் சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை

துரையின் மனைவி, துரைசானி, கேட்டிருந்த திரைச்சீலைத் துணி வந்துவிட்டது. விருந்துக்கு முன் கொண்டுபோய்க் கொடுக்கும்படி கடையை நடத்தும் என் சிற்றப்பா, சாச்சா, சொன்னார். ஆகவே நாளை நானும் கறுப்பையாவோடு போகிறேன். கடையிலிருந்து அவனுக்கு ஒரு கறுப்புக் கோட்டு எடுத்துக் கொடுத்தேன். தோள் கொஞ்சம் அகலம். எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்பார்கள், அவனும் அப்படித்தான்.

"நானா, பாக்கக் கிளாக்கர் மாதிரி இருக்கேனா?"

"கிளாக்கர் என்ன, பெரிய கந்தோர்க்காரன் மாதிரி இரிக்கி. பயமா இரிக்கா?"

"பயமில்ல. ஆனா பாருங்க, எங்கம்மா லயம் பூராவும் சொல்லி வச்சிருச்சு. வேலை கெடைச்ச மாதிரியே."

விருந்துக்கு அடுத்த நாள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை இரண்டு தடவை மனதில் வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நாங்கள் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புல்வெளியில் கதிரைகள் போட்டிருந்தன. நான்கைந்து துரைமார், அவர்களுடைய மனைவிமார், இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த இரண்டு பெண்கள். துரைசானி துணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என்னை விறாந்தைப் படியில் நிற்கச் சொன்னார். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, கேட்டது.

துரை கடுமையான ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பருத்த, சிவந்த, சிரித்த முகம். நாயைத் தடவிக்கொண்டே பேசுகிறவர். கறுப்பையா முன்னால் போய்க் கும்பிட்டுவிட்டு, அனுமதி கேட்டான், ஆங்கிலத்தில். துரை புருவத்தை உயர்த்தினார். கறுப்பையா தொடங்கினான்.

நன்றாகச் சொன்னான். வகுப்பில் தடுக்கிய இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பாதியில் துரை கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அவனோடு சேர்ந்து அசைந்தன. முடிந்ததும் முதலில் எழுந்து கை தட்டியவர் அவர்தான். வேலை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். இதைக் குறித்து வைக்க வேண்டும்: அந்த நிமிடத்தில் மாஸ்டர் சொன்னது சரி என்றே நினைத்தேன்.

ஆனால் துரை தலையைச் சரித்து அவனை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்பது போல. பிறகு தோட்டத் தமிழில் சொன்னார்:

"அடே கறுப்பையா. கோட் கழட்டு."

அவன் விளங்காமல் நின்றான்.

"கழட்டு, கழட்டு. போய் கம்பளி போட்டு வா. இடுப்புல சாக்கு கட்டு. கையில மம்பட்டி எடு. போ, சுறுக்கா!"

கறுப்பையா என்னிடம் வந்து கோட்டைக் கழற்றித் தந்தான். முகத்தைப் பார்க்காமல் தந்தான். மழையில் வேலைசெய்கிறவர்கள் தலையில் போட்டுக்கொள்ளும் முரட்டுக் கம்பளி ஒன்றைத் தோட்டக்காரனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு, சாக்கைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு திரும்பிப் போனான். துரை அவனைப் பூப்பாத்தி ஓரத்தில் நிறுத்தி, கம்பளியின் மடிப்பைத் தன் கையாலேயே சரிசெய்தார். படம் பிடிக்கிறவர் செய்வது போல.

அதே பேச்சை மறுபடி சொன்னான். சொல் ஒன்றும் மாறவில்லை. இந்தத் தடவை ஒரு பெண் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி கண்ணீரைத் துடைத்தாள், சிரிப்பாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. முன்னைவிட இரண்டு மடங்கு கைதட்டல்.

அப்போதுதான் கறுப்பையா கேட்டான். "தொரை, கிளாக்கர் எடம் காலியாகுது. எனக்குக் குடுத்தா நல்லா செய்வேன் தொரை."

துரை அவனை விட்டுவிட்டு விருந்தாளிகளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். அவனுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது ஒரு நிமிடத்துக்கு முன்தானே நிரூபணமானது; ஆனாலும் அவன் அங்கே இல்லாதது போலச் சொன்னார். கோட்டுப் போட்டு வசனம் சொல்கிற கிளாக்கர் கொழும்பிலிருந்து கண்டி வரை தெருவுக்குத் தெரு இருக்கிறான், இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்திலாவது இப்படி ஒரு கூலி இருக்கிறானா, காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். இவனைக் கிளாக்கராக்குவது பாடுகிற பறவையைப் பொரித்துத் தின்பதற்குச் சமம் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாக: "நீ இனி கண்டி போக வேணாம். வீரையா போவான். நீ மலையில வேலை. சனிக்கிழமை சாயந்திரம் பங்களா வா. வெளங்குதா?"

கண்டிக்குப் போனால் உச்சரிப்பைத் திருத்திவிடுவார்கள், இப்போது இருப்பதுதான் அழகு என்று பக்கத்திலிருந்தவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார்.

லயத்துக்கு இறங்கும் பாதையில் கறுப்பையா எனக்கு முன்னால் நடந்தான். அவனுடைய தாய் அழகம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் காம்பரா அறைகளில் இருப்பவர்களும் நின்றார்கள்.

"என்னய்யா, கெடைச்சிருச்சா?"

"கை தட்டுனாங்கம்மா."

"தொரையுமா?"

"தொரைதான் மொதல்ல தட்டுனாரு."

"அப்ப கெடைச்சிருச்சு!" என்று அழகம்மா பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். அவன் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை

தபால் பையோடு வீரையா வந்தான். கறுப்பையாவை விட வயதில் மூத்தவன், வாயாடி. வகுப்புக்கெல்லாம் வரமாட்டான், சாமான் வாங்கியதும் கள்ளுத் தவறணைக்குப் போய்விடுவான்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். மாஸ்டர் சந்தோஷப்பட்டார் என்றுதான் எழுத வேண்டும். "என்ர மாணவன் வெள்ளைக்காரருக்கு முன்னாலை நிண்டு சொல்லியிருக்கிறான், அது சின்ன விசயமே?" என்றார். பிறகு சுண்ணக்கட்டியைத் தேடிக்கொண்டே, "அந்தக் கிளாக்கர் வேலை எங்கட அக்கான்ர மகனுக்குக் கிடைச்சிட்டுது. வாற கிழமை வாறான்," என்றார்.



"அவரும் வசனம் சொன்னாரா மாஸ்டர்?" என்று நான் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சீ! சும்மா ஒரு விண்ணப்பம் போட்டவன். மூண்டு வரி."

விண்ணப்பம் ஊரெல்லாம் கொடுக்கும் என்று அவர் சொன்ன அன்றே மருமகனுடைய விண்ணப்பம் போய்விட்டதா, பிறகுதான் போனதா? என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் கேட்கவில்லை போலும்.

செவ்வாய்க்கிழமை, ஒரு மாதம் கழித்து

இன்று வீரையா கடைக்குள் வந்ததுமே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"நானா, கேட்டீங்களா நம்ம கறுப்பையா கூத்தை? இப்ப அவனுக்கு லயத்துல பேரு என்ன தெரியுமா? தொரை வீட்டுக் கிளி."

"என்ன நடந்த?"

"சனிக்கெழம பங்களாவுல ஏகப்பட்ட வெள்ளக்காரங்க. இவன் கம்பளியப் போட்டுக்கிட்டு நிக்கிறான். புதுக் கிளாக்கரு புஸ்தகத்த வச்சிக்கிட்டு பக்கத்துல. இவன் எங்கயாச்சும் விட்டுட்டா எடுத்துக் குடுக்கணுமாம், அதுக்கு. சொல்லிக்கிட்டே வந்தவன் பாதியில நின்னுட்டான். கிளாக்கரு எடுத்துக் குடுக்கிறாரு. இவன் வாயத் தொறக்கல. மறுபடி எடுத்துக் குடுக்கிறாரு. அப்பறம் மம்பட்டியக் கீழ போட்டுட்டுத் தமிழ்லயே சொல்லிட்டான். 'தொரை, எனக்குக் கணக்குத் தெரியும். நான் எழுதுவேன். எனக்குக் கிளாக்கர் வேலதான் வேணும், இது வேணாம்'னு."

"துரை என்ன சொன்னார்? ஏசினாரா?"

"ஏசுறதா? தொரைக்கு ஒரே குஷி! அத அப்படியே இங்கிலீசுல மாத்தி எல்லாருக்கும் சொன்னாரு. சிரிச்சுச் சிரிச்சு உருண்டாங்க. நாங்கள்லாம் குசினிப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம். இதுவரைக்கும் சொன்னதுலயே இதுதான் நல்லாருக்குன்னு ஒரு தொரைசானி அவனுக்குக் கேக்குத் துண்டு குடுத்துச்சு. இனிமே ஒவ்வொரு சனிக்கெழமயும் கடசியில இதயும் சொல்லணும்னு தொரை உத்தரவு."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னத்தச் சொல்றது? ஆத்தாளுக்கு அன்னாடம் வேலைக்குப் பேரு போடணுமில்ல, இல்லாட்டிக் கூலி ஏது? மாட்டேன்னா பத்துச்சீட்டக் கையில குடுத்து ரெண்டு பேரயும் தோட்டத்த விட்டு எறக்கிருவாங்க. சொல்லுறேன்னுட்டான்." வீரையா சிரிப்பை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "உங்ககிட்ட ஒண்ணு கேட்டுவரச் சொன்னான். தமிழ்ல சொன்னா வெளியூருலருந்து வர்ற வெள்ளக்காரங்களுக்கு வெளங்கலயாம். அதையும் இங்கிலீசுல, அந்தப் பழைய ஆளு எழுதுற மாதிரியே எழுதிக் குடுத்தா நல்லதுன்னு தொரை சொல்லிட்டாராம். மாஸ்டர்கிட்ட கேக்க வேணாமாம். உங்ககிட்ட மட்டும் கேக்கச் சொன்னான்."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். கிளாக்கர் வேலை வேண்டும் என்பதைக் கவிஞரின் நடையில் சொல்வது சுலபமாக இல்லை. கந்தோர் என்ற சொல்லே அவருடைய பேச்சில் ஒட்டாது. அதனால் அரசனுடைய சபையில் ஒரு ஆசனம் கேட்பது போல மாற்றினேன். கணக்குத் தெரியும் என்ற இடத்தை எழுதி எழுதி அடித்தேன். கடைசி வரி மட்டும் தானாகவே வந்தது. தாளம் தப்பாமல், அவரே எழுதியது போல. அதை உரக்க வாசித்துப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு மறுபடி வாசித்தேன்.

நல்ல தாளில் பிரதி எடுத்துவிட்டேன். காலையில் பஸ் புறப்படுவதற்கு முன் வீரையாவிடம் கொடுக்க வேண்டும். கறுப்பையா இதைச் சொல்லும்போது அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால்தான் எடுபடும். அதையும் ஓரத்தில் குறித்து அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.