அவள் இறங்கினாளா?

கிட்டத்தில் வாசிக்கும் பார்வையைச் சோதிக்க வைத்திருந்த அட்டையின் மேல் யாரோ தேநீரைக் கொட்டிவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஆறு வயது எழுத்துக்கூட்டிகள் முதல் பல் போனவர்கள் வரை எல்லோரும் கையில் பிடித்து வாசித்த அட்டை அது. "புதுசு வர நாளாகும். அதுவரைக்கும் நீயே ஏதாவது அடிச்சு வச்சுக்கம்மா. பெருசுல ஆரம்பிச்சு சின்ன எழுத்துல முடியணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

கண் சோதிப்பவள் கணினி முன் உட்கார்ந்தாள். என்ன அடிப்பதென்று தெரியவில்லை. மின்னஞ்சலைத் திறந்தபோது பாதியில் கைவிட்ட கதை ஒன்று கண்ணில் பட்டது.

எழுதுவதை அவள் போன மாதத்தோடு விட்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு வருடம், வீடு விழிப்பதற்குள் எழுந்து, சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்து, நின்றபடியே எழுதியவள். அனுப்பிய கதைகளில் ஒன்றை மட்டும் ஒரு இணைய இதழ் வெளியிட்டது. அதன் அடியில் ஒரே ஒரு கருத்து: 'அற்புதம். தொடர்ந்து எழுதுங்கள். இப்படிக்கு, தீவிர வாசகன்.' அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தலைகால் புரியாமல் திரிந்தாள். பேருந்தில் எதிர் இருக்கையில் யாராவது செல்பேசியைப் பார்த்துச் சிரித்தால், இவராக இருக்குமோ என்றுகூட நினைத்ததுண்டு. பிறகு ஒருநாள் கணவனின் செல்பேசியில் மகளுக்குப் படம் போட்டுக் கொடுக்கும்போது குட்டு வெளிப்பட்டது. தீவிர வாசகன் குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

"உனக்கு உற்சாகமா இருக்கட்டுமேன்னுதான்..." என்று அவன் தலையைச் சொறிந்தான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. காசு கொடுத்துக் கைதட்ட ஆள் வைத்ததுபோல் கூசியது. அன்றோடு மூடி வைத்துவிட்டாள்.

சரி, இதற்காவது உதவட்டும் என்று அந்தப் பாதிக் கதையை அட்டையில் ஏற்றினாள். பேருந்து ஓட்டுநர் ஒருவனின் மனைவி. இருவரும் பேசிக்கொண்டு நாளாகிறது. ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் அவன் ஓட்டும் பேருந்திலேயே ஏறி உட்காருகிறாள். முன்னால் இருக்கும் கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரிகின்றன. வீட்டில் அவள் பார்த்தேயிராத ஒரு பொறுமை அந்தக் கண்களில். பத்திக்குப் பத்தி எழுத்து சிறுத்துக்கொண்டே வந்து, எறும்பு அளவு எழுத்தில், 'கடைசி நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள்' என்று நின்றது. அதற்குமேல் அவளுக்கு அப்போது ஓடவில்லை.

வந்தவர்கள் வாசித்தார்கள். எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தார்களே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதுவும் அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு வெல்டர் வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளைப் போட்டு, அட்டையைக் கையில் கொடுத்தாள். அவர் வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பத்தியிலேயே பவர் பிடிபட்டுவிட்டது.

"போதுங்க, சரியா இருக்கு."

"இருங்க மேடம்" என்று கையை உயர்த்திவிட்டு அவர் மேற்கொண்டு வாசித்துக்கொண்டே போனார். அவள் ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்திராத அந்த வாக்கியங்கள், கரகரத்த ஒரு தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவள் காற்புள்ளி வைத்த இடத்தில் அவர் மூச்சு விட்டார். அவளுக்கு முழங்கை வரை சிலிர்த்தது. கடைசி வரியில் அவர் அட்டையைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் பவர் ஏத்துங்க. இதுக்குக் கீழ இருக்கிறது தெரியல."

"அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லைங்க."

"இல்லையா?" அவர் வெறும் அட்டையையே பார்த்தார். "அப்ப அந்தப் பொண்ணு இறங்குனாளா இல்லையா?"

அவள் குனிந்து பவரைக் குறித்துக்கொண்டாள்.

கண்ணாடி தயாரானதும் வாங்கிப்போக வந்தபோது அவர் தனியாக வரவில்லை. மனைவியையும் அழைத்து வந்திருந்தார். ஒல்லியான அந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை.

"அந்த அட்டையைக் குடுங்க, நான் பாக்கணும். இந்த மனுஷன் வீட்டுக்கு வந்ததுல இருந்து அதே பேச்சு."

நின்றபடியே வாசித்து முடித்தாள். கணவர் பக்கம் திரும்பினாள். "இறங்கியிருக்க மாட்டா. அவன் திரும்பிப் பாக்குற வரைக்கும் உக்காந்திருப்பா."

"இறங்கிட்டாடி. வீட்டுக்குப் போய் சமைக்கணும்ல?"

"ஆமா, நீங்க அதுலயே இருங்க! அவளுக்கு ரோஷம் இல்லையா?"

"ரோஷக்காரி எதுக்கு அந்த பஸ்ல ஏறுறா?"

அந்த அம்மாள் அட்டையின் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனாள். கணவரும் குனிந்து பார்த்தார். கண் சோதிப்பவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈர சமையலறை மேடையில் தன் தலைக்குள் மட்டும் இருந்த ஒருத்தி, இந்தக் கடையில், இரண்டு மனிதர்களுக்கு நடுவே, நிஜமாகவே உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக ஒருவர் பரிந்து பேசுகிறார். ஒருவர் குறை சொல்கிறார். எழுதியவளை இருவருக்குமே தெரியாது. கோயிலில் கதவு திறக்கும்போது வாயடைத்து நிற்பதுபோல் நின்றாள்.

"யாரு எழுதுனது இது?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"நான்தான்." சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

பாராட்டு ஒன்றும் வரவில்லை. "அப்ப உங்களுக்குத் தெரியுமே! சொல்லுங்க, இறங்குனாளா?"

"இன்னும் எழுதலைங்க. பாதியில விட்டுட்டேன்."

அந்த அம்மாள் முகம் மாறியது. கைக்குழந்தையை எங்கோ மறந்துவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "என்னங்க நீங்க? எல்லாரும் இறங்கிப் போயாச்சு. அவ மட்டும் அங்க தனியா உக்காந்திருக்கா. அப்படியே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

மறுநாள் விடியலில் மேடையைத் துடைத்து மடிக்கணினியை வைத்தாள். உள்ளே கணவனும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நன்றாக வருமா, யாராவது வெளியிடுவார்களா என்ற கேள்விகள் வழக்கம்போல் வந்து நின்றன. நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, கதையின் கடைசி வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். காலி பேருந்து. அணைத்த எஞ்சினின் சூடு. அவன் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது முன் படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. ஒரு கையில் சுருட்டிய பாயும் மறு கையில் செடித் தொட்டியுமாக ஒரு பெண் ஏறி வந்தாள். அவள் யாரென்று ஓட்டுநரின் மனைவிக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருந்தவளுக்கும் தெரியாது. அத்தனை இருக்கைகள் காலியாகக் கிடக்க, அந்தப் பெண் நேராக வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்தவள் விசைகளின் மேல் விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சுகூட விடாமல், அடுத்து அந்தப் பெண் வாயைத் திறப்பதற்காகக் காத்து நின்றாள்.