ஆள் வராத கடை

என் தம்பி எடுத்த போட்டோவுக்குப் பரிசு கிடைத்தது. எங்கள் கடை போனது. இரண்டுக்கும் அந்த ஒரே படம்தான் காரணம் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. அதனால் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

எங்களுடையது பொத்தான் கடை. ஜிப், எலாஸ்டிக், நூல்கண்டும் உண்டு. சுவர் முழுக்க அட்டைப்பெட்டிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பொத்தானைத் தைத்து வைத்திருப்போம். காலையில் ஈ ஓட்டுவோம், அதை நான் மறைக்கவில்லை. சாயங்காலமானால் தையல்காரர்கள், வேலை விட்டு வரும் பெண்கள், பொத்தான் அறுந்த சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வரும் ஆண்கள் என்று நிற்க இடம் இருக்காது.

தம்பியை வளர்த்தவள் நான்தான். எந்த வேலையிலும் அவன் நிலைக்கவில்லை. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவான். பெயர்ப்பலகை உரிந்த கடை எங்கே இருந்தாலும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கடைசியில் எங்கள் கடைக்கே வந்தான்.

எதிர்க்கட்டிடத்து இடுக்கு வழியாகச் சாயங்காலம் மட்டும்தான் எங்கள் கடைக்குள் வெயில் விழும். அவனுக்கு அந்த வெயில் வேண்டும், அதில் நிற்கிற ஆட்கள் வேண்டாம்.

"மாமா, ஒரு அஞ்சு நிமிஷம் இவங்களை வெளிய நிக்கச் சொல்லுங்களேன்."

என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரையும் கும்பிடாத குறையாகக் கெஞ்சி வெளியே அனுப்பினார். "கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க, நம்ம மாப்ள படம் எடுக்கிறார்."

"ட்யூப்லைட்டை அணைச்சிடுங்க. சிரிக்காதீங்க மாமா. கீழ பாருங்க."

"என்னடா இது, மாமாவை இழவு வீட்டுல உக்கார வச்ச மாதிரி இருக்கு?" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு அக்கா."

ஐந்து நிமிஷம் அரைமணி நேரமானது. வெளியே நின்ற தையல்காரர் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்கே போய்விட்டார். வெளிச்சம் பார்க்க என்று கூட்டத்தோடும் சில படங்கள் எடுத்திருந்தான். கேமராவிலேயே காட்டினான். அதில் இவர் வாயெல்லாம் பல்லாக, ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்தது அதுதான்.

பரிசு வாங்கியது மற்றது. 'யாரும் வராத கடையில் காத்திருக்கும் மனிதர்' என்று கீழே போட்டிருந்தார்களாம்.

கடை வாடகை இடம். கட்டிடத்துக்காரர் உயிரோடு இருந்தபோது, வியாபாரம் நடக்கிறவரை உங்களை எழுப்ப மாட்டேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அப்பா கொடுத்த வாக்கு என்று மகனும் அதை மதித்துத்தான் வந்தார். படம் பேப்பரில் வெளிவந்த வாரமே நேரில் வந்து நின்றார்.

"படத்தைப் பார்த்தேங்க, மனசே சரியில்ல. வியாபாரமே இல்லாம எதுக்கு இந்த வயசுல கஷ்டப்படுறீங்க? செல்போன் கடைக்கு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"இல்லாமயா? சுத்தி எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பாருங்க," என்றேன்.

அவர் பார்த்தார். பாதிப்பேர் செல்போனை நீட்டிப் பெட்டிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "இது வேடிக்கை பார்க்கிற கூட்டம்மா. இதுக்கு முன்னாடி யார் வந்தாங்க?"

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். "அந்தக் கூட்டத்துப் படத்தைக் குடுடா. கட்டிடத்துக்காரர் மகன்கிட்ட காட்டினாப் போதும், கடை பிழைச்சிடும்."

அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆளுங்களை ஒதுக்கிட்டு எடுத்தேன்னு தெரிஞ்சிடும்கா. இந்தப் போட்டியில அப்படி எடுக்கக் கூடாது. பரிசைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டான்."

"அப்ப எங்க கடை?"

"என்னைக்கா இருந்தாலும் மூடத்தானே போறீங்க? நான் எடுத்ததாலதான் இப்படி ஒரு கடை இருந்துச்சுன்னே நாலு பேருக்குத் தெரியுது."

இருந்துச்சாம். அன்று காலையில் நான் திறந்து, பெருக்கிவிட்டு வந்த கடை அது.

அவன் கெட்ட நேரமோ என் நல்ல நேரமோ, படத்தைப் பற்றி யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். பரிசுக்குழுவிலிருந்து ஒரு அம்மாள் கடைக்கே வந்து விசாரிக்கப் போவதாகத் தெரிந்தது. நான் கட்டிடத்துக்காரர் மகனையும் அதே நேரத்துக்கு வரச் சொன்னேன். உண்மை அவர் காதிலும் விழட்டும் என்றுதான். என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. பொத்தானில் ஒரு துளை அடைத்திருந்தால்கூடக் காட்டிவிட்டுத்தான் விற்பார்.

வந்த அம்மாள் அவரிடம் கேட்டார். "படம் எடுத்தப்ப கடை இதுல இருக்கிற மாதிரியேதான் இருந்துச்சா? யாரையும் வெளிய அனுப்பலையே?"

வாசலில் தம்பி முகம் வெளிறி நின்றான். இவர் அவனை ஒருமுறை பார்த்தார்.

"இல்லீங்க. இங்க யாரும் வர்றதில்ல. அவர் இருக்கிறதைத்தான் எடுத்தார்."

கட்டிடத்துக்காரர் மகன் பெருமூச்சு விட்டார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

நான் வாயைத் திறந்தால் தெருமுனைவரை கேட்கும். ஆனால் கட்டிய புருஷனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்காமல் உண்மையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. "அவர் சொன்னதுதான்," என்றேன்.

அவர்கள் போனதும் தம்பி இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் கிளம்பிய பிறகு நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கடை போனா நான் வீட்டுல உக்காந்துக்குவேன். இது போனா அவனுக்கு என்ன இருக்கு?"

"எனக்கு என்ன இருக்குன்னு யோசிச்சீங்களா?"

அவர் யோசித்திருக்கவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கடையில் அவருக்குச் சமமாக நின்றவள் நான்.

மறுநாளே தம்பி போன் செய்தான். "அக்கா, காலி பண்ற அன்னைக்கு மறக்காமச் சொல்லு. பெட்டியெல்லாம் இறக்கினப்புறம் அந்த வெறும் சுவரை ஒண்ணு எடுக்கணும்."

"சொல்றேன்டா," என்றேன்.

சொல்லவில்லை. பரிசு வாங்க அவன் வெளியூர் போன நாளாகப் பார்த்துக் கடையைக் காலி செய்தேன். பெட்டிகளை வண்டியில் ஏற்றி முடிப்பதற்குள் செல்போன் கடை ஆட்கள் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து வந்ததும் கேமராவோடு வீட்டுக்கு வந்தான். "ஏன்கா சொல்லல?" என்றான். இவர் அவனை உட்காரச் சொன்னார். "புள்ள வெயில்ல வந்திருக்கான், தண்ணி கொண்டா," என்றார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவரே உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார்.