எட்டேகால் கிலோ

தராசு பழுதுபார்க்கிறவளுக்கு எடையைப் பற்றிப் பாடம் எடுக்க இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு போட்டி நாள் காலை ஏழே முக்கால் வரை தாக்குப்பிடித்தது.

பதினெட்டு வருடமாக எனக்குத் தராசுதான் பிழைப்பு. மளிகைக்கடைத் தராசு, பார்சல் ஆபீஸ் தராசு, பிறந்த குழந்தையைப் படுக்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரித் தராசு எல்லாம் என் மேஜைக்கு வரும். சரிசெய்து, சோதனைக் கல் வைத்துப் பார்த்து, அடியில் ஒரு சீட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். மாதம் நூறு தராசு என் கையால் போகிறது. எந்தத் தராசின் முகமும் நினைவில் நிற்பதில்லை, ஆனால் என் கையெழுத்து விழுந்த எதுவும் இதுவரை பொய் சொன்னதில்லை.

துப்பாக்கி கிளப்புக்கும் தராசு பார்க்கத்தான் முதலில் போனேன். வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று அடம்பிடிக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும், வந்ததற்கு ஒரு தரம் படுத்துச் சுட்டுப் பாருங்களேன் என்றார் கிளப் செயலாளர். அவர் தொழிலில் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியதால் பதிலை எதிர்பார்க்காமல் பேசுவார், அதுவும் அளந்துதான் பேசுவார். சுட்டேன். முந்நூறு மீட்டர் தள்ளி இருந்த காகிதத்தில் ஓட்டை விழுந்தது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

கிளப்பில் புது ஆட்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. முதல் வருடம் முழுக்க வாரைப் போட்டுத்தான் சுட வேண்டும். வார் என்றால் இடது மேல்கையில் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையைத் துப்பாக்கியின் முன்பக்கம் மாட்டும் தோல்பட்டை. எலும்பும் தோலும்தான் தாங்குகோல். முழங்கை இரண்டும் காய்த்துப்போயின, உள்ளங்கை மரத்துப்போனது. அந்தச் சட்டத்தைப் போட்டவர்களின் ஏழு தலைமுறையையும் நான் திட்டித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் முழங்கையில் களிம்பு தடவிவிடுவார்.

அவர் பஸ் டிரைவர். ஆள் சாது, ஆனால் சட்டம் என்றால் சட்டம்தான். எனக்கென்று சொந்தத் துப்பாக்கி வந்த அன்றே விதிப் புத்தகத்தை எனக்கு முன்னால் அவர் படித்து முடித்துவிட்டார். துப்பாக்கி ஒரு பெட்டியில், அதன் போல்ட் வேறு பெட்டியில் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. போல்ட் என்பது குழாயின் பின்பக்கத்திலிருந்து தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய். இவர் அந்தப் போல்ட்டைப் பழைய கண்ணாடிக் கூட்டில் வைத்து, கூட்டை இரும்புப் பெட்டியில் வைத்து, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். கிளப்பில் நான் பாயை விரித்துப் படுத்த பிறகுதான் அதை என் கையில் தருவார். எங்கள் வீட்டில் துப்பாக்கியும் போல்ட்டும் ஒரே அறையில் ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டாம் வருடம் எனக்கு விடுதலை கிடைத்தது. வாரைக் கழற்றி எறிந்துவிட்டு இரட்டைக்கால் வாங்கி மாட்டினேன். அகலமான அலுமினியக் கால்கள். தரையில் ஊன்றிவிட்டால் துப்பாக்கி தானாக நிற்கும், நாம் சொகுசாகப் பின்னால் படுத்துக்கொள்ளலாம். வாரை, பாயைச் சுருட்டிக் கட்டும் கயிறாக மாற்றினேன். அதற்கு அந்த மரியாதை போதும் என்று தோன்றியது.

எங்கள் பிரிவில் துப்பாக்கி எட்டேகால் கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கனம் கூடக்கூட உதைப்பு குறையும், குண்டு சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றவர்கள் ஏழரை, ஏழே முக்கால் என்று பயந்து பயந்து நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு எதற்குப் பயம்? கடை மேஜையில், என் கையால் திருத்திய தராசில் துப்பாக்கியை வைத்தேன். ஏழு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம் காட்டியது. பின்கட்டையில் துளை போட்டு முந்நூற்று இருபது கிராம் ஈயக் குண்டுகளைக் கொட்டி, மேலே பிசினை ஊற்றி இறுக வைத்தேன். எட்டு கிலோ இருநூற்றுப் பத்து. நாற்பது கிராமை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவைத்தேன். இந்தக் கணக்கைக் கிளப்பில் பத்துப் பேரிடமாவது சொல்லிக் காட்டியிருப்பேன்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஒரு போட்டி. கிளப்பில் நான் இன்னும் தற்காலிக உறுப்பினர். இரண்டு வருடத்துக்குள் ஒரு பதிவுப் போட்டியில், தொள்ளாயிரம் மீட்டரில், பதினைந்து குண்டில் எழுபத்தைந்துக்கு அறுபது எடுத்தால் நிரந்தரம். எடுக்காவிட்டால் வெளியே போய்க் காத்திருப்போர் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை நான்கு வருட நீளம். முதல் போட்டி புயலால் ரத்தானது, இரண்டாவதின்போது நான் காய்ச்சலில் கிடந்தேன். இதுதான் கடைசி.

அன்று காலை சாதனச் சோதனை மேஜையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். முன்னால் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த ஒரு தராசு. துப்பாக்கியை வைத்தேன். போல்ட்டையும் போடச் சொன்னார். வீட்டுக்காரர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து கொடுத்தார், போட்டேன். எண்கள் ஓடி நின்றன. எட்டு கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூறு.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தராசு தப்பு என்றேன். டாக்டர் தலையை ஆட்டினார். தரை மட்டமில்லை என்றேன். அவர் மட்டக்குமிழியைக் காட்டினார், அது நட்டநடுவில் நின்றது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"பதினெட்டு வருஷமா இதே வேலை பாக்கறேன் டாக்டர். எந்த மடையன் இதுக்கு சீல் போட்டு அனுப்பினான்?"

டாக்டர் துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டுத் தராசைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் ஆறு வாரத்துக்கு முந்தைய தேதியோடு ஒரு சீட்டு இருந்தது. அதில் என் கையெழுத்து.

பார்சல் ஆபீஸ் தராசு. என் முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். நிலம் பிளந்து விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

என் கையெழுத்து பொய் சொல்லாது என்றால் என் கணக்குத்தான் பொய். எங்கே என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். வீட்டுக்காரர் காலியான கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கடைக்கு நான் கொண்டுபோனது போல்ட் இல்லாத துப்பாக்கி. முந்நூற்று எண்பது கிராம் இரும்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, மிச்சத்தை நிறுத்து, ஈயம் ஊற்றி, ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

ஈயம் இனி வராது, பிசினில் கல்லாகிவிட்டது. ஸ்கோப்பைக் கழற்றினால் தொள்ளாயிரம் மீட்டரில் எதைப் பார்ப்பது? என் முறைக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எடை குறைந்தால் வாருங்கள் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்காரர் என்னைத் தனியே கூட்டிப்போனார். தப்பு தன்மேல்தான், சாவியைக் கொடுத்திருக்க வேண்டும் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான். சுருட்டிக் கட்டிய பாயின்மேல் உட்கார்ந்தேன். அவர் குனிந்து பாயின் கட்டைத் தொட்டார்.

"இத வெச்சுதானே ஒரு வருஷம் சுட்ட?"

பாயைக் கட்டியிருந்த வார். புத்தகத்தில் எங்கள் பிரிவுக்கு, இரட்டைக்கால் அல்லது வார், எது வேண்டுமானாலும் என்று இருக்கிறது. இரட்டைக்கால் எழுநூற்றுப் பத்து கிராம். அதைக் கழற்றினால் ஏழு கிலோ எண்ணூற்று எண்பது. மறுபடியும் போய்த் தராசில் வைத்தேன். அதே எண் வந்தது. டாக்டர் தாளில் 'வார்' என்று எழுதிச் சீல் குத்தினார். களத்தில் வாரோடு இறங்கியது நான் ஒருத்திதான்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி எழுதும் முறை, கிளப்பில் எங்களோடு சுடும் சலவைக்கடை அண்ணனுக்கு வந்திருந்தது. உலகத்தில் உள்ள எல்லா விஷயத்துக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் உண்டு, வாய் ஓயாது. ஆனால் எழுதுகிறவர் சுடுகிறவருக்கு யோசனை சொல்லக்கூடாது, புள்ளியை மட்டும் உரக்கச் சொல்லலாம். வாரைப் பார்த்ததும் அவர் வாயைத் திறந்தார், விதி நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். பாவம், அன்று அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சோதனைக்கு இரண்டு குண்டு, அவை புள்ளியில் சேராது. முதல் குண்டு இலக்குப் பலகையிலேயே இல்லை, இரண்டாவது ஓரத்தில் விழுந்தது. ஸ்கோப்பைத் திருகினேன். என் நாடித் துடிப்புக்கு ஏற்ப அதற்குள் தெரியும் குறுக்குக்கோடு குதித்தது. நான் பெருமையாக ஊற்றிய ஈயம் பின்னால் இழுத்ததில் குழாயின் நுனி மேலே மேலே போனது. தொள்ளாயிரம் மீட்டரில் ஒரு நூல் அசைந்தால் அங்கே ஒரு முழம் தள்ளிப்போகும்.

"மூணு," என்றார் அண்ணன். பிறகு நாலு, மூணு, நாலு, நாலு. ஐந்து குண்டுக்குப் பதினெட்டு. இந்த வேகத்தில் போனால் ஐம்பத்து நாலில் நின்றுவிடும்.

நிறுத்தினேன். வாரை இரண்டு துளை இறுக்கினேன். போன வருடம் நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது, அவற்றோடு டாக்டர் சொல்லிக்கொடுத்ததும் வந்தது. பிடிக்காதே, தொங்கவிடு. மூச்சை விட்டுவிட்டுக் காத்திரு. இடது முழங்கையின் காய்ப்பு தரையில் தன் பழைய இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஈயம் தோளில் அழுந்தியது, இழுப்பு போய்விட்டது. குறுக்குக்கோடு குதிப்பதை நிறுத்தி மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது.

அஞ்சு. நாலு. நாலு. அஞ்சு. நாலு. மொத்தம் நாற்பது. பதினொன்றாவது அஞ்சு, பிறகு நாலு, மறுபடி அஞ்சு. அண்ணன் அந்த அஞ்சைச் சொன்ன விதத்தில் ஒரு மேடைப் பேச்சே அடங்கியிருந்தது. ஐம்பத்து நாலு ஆகிவிட்டது, கையில் இரண்டு குண்டு. இனி குண்டுக்கு மூன்று போதும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். கூட்டியிருக்கக்கூடாது. காற்றுக்கொடி துவண்டுவிட்டதைக் கவனிக்காமல் சுட்டேன்.

"ரெண்டு," என்றார் அண்ணன்.

ஐம்பத்தாறு. கடைசிக் குண்டு நாலுக்குக் குறையக்கூடாது. நேரம் நான்கு நிமிடம் பாக்கி. கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. இடது கை எனக்குச் சொந்தமானதாகவே தெரியவில்லை. வாரைத் தளர்த்தினால் நிலை போய்விடும், எனவே தளர்த்தவில்லை. கொடி தூங்கும்போது சுடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கிடந்தேன். மூன்று நிமிடம். இரண்டு. பின்னால் வீட்டுக்காரர் செருமுவது கேட்டது. அண்ணனின் பென்சில் தாளைத் தட்டத் தொடங்கி, அதுவும் யோசனை சொல்வதாகிவிடுமோ என்று பயந்து நின்றது. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்போது கொடி முனை அசைந்தது, எழுந்தது, பதினொன்றாவது குண்டுக்கு நின்ற அதே சாய்வில் நின்றது. மூச்சு வெளியே போனது. விரல் எப்போது அழுத்தியது என்று எனக்கே தெரியாது.

இலக்குப் பலகை கீழே இறங்கியது. பலகைக்கு அடியில் குழிக்குள் இருக்கிறவர் ஓட்டையைத் தேடி, அதில் ஓர் அடையாள வட்டைச் செருகி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்த ஐந்து நொடியில் நான் நான்கு வருட வரிசையில் நின்று திரும்பி வந்தேன். பலகை ஏறியது. வட்டு நட்டநடுவில் இருந்தது.

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"அஞ்சு," என்றார். விதிப்படி அது போதும், ஆனால் அவரால் முடியவில்லை. "அறுபத்தி ஒண்ணு தங்கச்சி. அறுபத்தி ஒண்ணு!"

பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து முதலில் போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடிக் கூட்டில் வைத்துப் பத்திரப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் என் கையிலிருந்து வாரை அவிழ்த்தார். தோலில் அதன் தடம் சிவப்பாக ஓடியது. அதை அவர் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார், அவர் கண் கலங்கியிருந்தது.

மதியம் டாக்டர் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். மரத்துப்போன கைதான் பதிவேட்டை அமுக்கிப் பிடித்தது, வலது கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த தராசைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் இருந்த சீட்டையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார். "அதே மடையன்தான்."

வரிசையில் காலையில் சிரித்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.