இருபத்து மூன்றாவது கறுப்பு

எங்கள் அலுவலகத்தில் கறுப்பு என்றால் வேலை பாக்கி. வெள்ளை என்றால் முடிந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு ஒன்பது வருஷமாக இதுதான் சட்டம்.

நாங்கள் லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள். என் கணவரும் கொழுந்தனும் கட்டிடம் கட்டிடமாகப் போவார்கள், நான் அலுவலகத்தில் உட்கார்ந்து மெயில் பார்ப்பேன். படிக்காத மெயில் தடித்த கறுப்பு எழுத்தில் நிற்கும், படித்துவிட்டால் எழுத்து வெளிறிப்போகும் அல்லவா, அதையே வேலைப் பட்டியலாக்கிக்கொண்டோம். புகார் வந்தால் திறந்து படிப்பேன், படித்த கையோடு 'படிக்காதது' என்று மாற்றி மறுபடி கறுப்பாக்கிவிடுவேன். பழுது தீர்ந்த பிறகுதான் அது வெளுக்கும். நோட்டுக் கிடையாது, பலகை கிடையாது. "வாயால சொன்னா காத்தோட போயிடும், மெயில் போடு" என்பது இவர் எல்லோரிடமும் சொல்லும் வேதவாக்கு. காலையில் "கறுப்பு எத்தனை?" என்று கேட்பார். நான் எண்ணிச் சொல்லி, ஒவ்வொன்றாக வாசிப்பேன். அண்ணனும் தம்பியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அறுபது லிஃப்ட் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கிளவுடுக்கு மாறியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். மெயிலெல்லாம் என் மேஜைக்கு அடியில் இருந்த பழைய கணினியில் இருந்தது. அது எருமை மாதிரி உறுமும், மழை நாளில் மயங்கி விழும். அது படுத்தால் நாங்களும் படுக்க வேண்டியதுதான்.

"இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதப் பிடிக்கிற கதை" என்றார் இவர். "மேகத்துல கொண்டுபோய் வெக்கிறேங்கிற. மழை பெஞ்சா எல்லாம் தெருவுலயா கொட்டும்?"

"கொட்டினா குடை பிடிச்சுப் பொறுக்கிக்கறேன்" என்றேன். என் வாய் அப்படி.

மாற்றிக்கொடுத்தவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, நாத்தனாரின் கணவர். கணினி வேலைக்காரர், தங்கமான மனிதர், சுத்தம் என்றால் உயிர். சனிக்கிழமை முழுக்க என் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை திறந்தேன். எழுத்துகள் எல்லாம் வெளிறிக் கிடந்தன. மேலே போனேன், கீழே போனேன், ஒரு கறுப்புகூட இல்லை. வெள்ளிக்கிழமை பூட்டும்போது இருபத்து மூன்று இருந்தது. நானே எண்ணியது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"ஒரு மெயில்கூடக் குறையலக்கா" என்றார் பெருமையாக. "பதினெட்டாயிரத்துச் சொச்சம், அப்படியே வந்திருக்கு. நீங்கதான் இருபத்து மூணு மெயிலப் படிக்காமலே போட்டு வெச்சிருந்தீங்க. புது இடத்துல சிவப்பு நம்பர் காட்டிக்கிட்டே இருந்துச்சு, பாக்க அசிங்கமா இருந்துச்சு. நானே எல்லாத்தையும் படிச்சதா மாத்திவிட்டுட்டேன்."

"தேதியெல்லாம் சனிக்கிழமைன்னு காட்டுதே, தம்பி?"

"ஏத்தின தேதி விழுந்திருக்குக்கா. அதுல ஒண்ணும் இல்ல, மெயில் பத்திரமா இருக்கில்ல."

"பழைய கணினி?"

"சுத்தமாத் துடைச்சுட்டேன். பாதுகாப்பு முக்கியம்."

வேறு யாராக இருந்தாலும் கிழித்திருப்பேன். வீட்டு மாப்பிள்ளையை என்னவென்று சொல்வது? "ரொம்ப நன்றி தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அண்ணன் தம்பி இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். கொழுந்தன் ஒரு காகிதத்தை எடுத்து ஒன்று முதல் இருபத்து மூன்று வரை எண் போட்டார். தனிக்குடித்தனம் போன இந்த எட்டு மாதமாக என்னிடம் அளந்துதான் பேசுகிறார், அன்றைக்கு அந்த அளவும் மறந்துபோனது.

"அண்ணி, ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க. எழுதிக்கலாம்."

துணி மில் லிஃப்ட், கதவு உரசுவது. பல் மருத்துவர் கட்டிடம், விளக்கு. ஊமை லிஃப்ட், அதாவது மணி அடிக்காதது. உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தவை ஏழு. மதியத்துக்குள் இருபத்திரண்டு சேர்ந்துவிட்டன. இருபத்து மூன்றுக்கு எதிரே காகிதம் காலியாக இருந்தது.

அந்தக் காலி இடம் என்னைத் தின்றது. பல்பு எரியவில்லை என்பதாகவும் இருக்கலாம். கதவு மூடாமலே பெட்டி நகர்கிறது என்பதாகவும் இருக்கலாம். எங்கள் தொழிலில் முதலாவதுக்கு ஒரு ஏணி போதும், இரண்டாவதுக்கு ஒரு உயிர் போகும். எது என்று தெரியாமல் ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார், லிஃப்ட்காரர்களுக்கு எழுதியாயிற்று, பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்.

'லிஃப்ட்' என்று தேடினேன், எல்லா மெயிலும் வந்தன. 'அவசரம்' என்று தேடினேன், ஆறாயிரம். அவசரமில்லாமல் எங்களுக்கு யார் எழுதுவார்கள்?

"அறுபது பேருக்கும் போன் போடறேன்" என்றேன்.

இவர் நிமிர்ந்தார். "என்னன்னு சொல்லுவ? உங்க புகாரத் தொலைச்சுட்டோம்னா? அந்தப் பெரிய கம்பெனிக்காரன் நம்ம வாடிக்கையப் பிடிக்க ஒவ்வொரு கட்டிடமாப் படியேறிக்கிட்டிருக்கான். நாமளே வெத்தல பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி ஆயிடும்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா? யாராவது விழுந்தா அப்ப என்ன சொல்லுவீங்க?"

அவர் தன் போனை எடுத்துப் பட்டியலில் கீழிருந்து முப்பது எண்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

போன் போட்டோம். ஒன்பது வருஷத்தில் அத்தனை மன்னிப்பு நான் கேட்டதில்லை. சிலர் திட்டினார்கள். சிலர் "நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது, ஃபேன் சத்தம் போடுது" என்று புதுப்புகார் கொடுத்தார்கள். ஒருவர் சாவகாசமாகத் தன் முழங்கால் வலியைச் சொன்னார். இருபத்து மூன்று முப்பத்தைந்தானது. தொலைந்தது மட்டும் கிடைக்கவில்லை. மூன்றரை மணிக்கு என் பங்கில் இருபத்தெட்டாவது எண், துணி மில்லுக்குப் பின்னால் இருக்கும் கட்டிடத்து அம்மாள்.

"புகாரெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டு ஆளு எழுதியிருந்தா இப்படித் தொலைப்பீங்களா?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

வீட்டு ஆள் எழுதியிருந்தாள். என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்து லிஃப்ட் எங்கள் அறுபதில் சேராது. வீட்டுப் பிள்ளை ஒருவன் இருக்கிறானே என்று ஒப்பந்தம் இல்லாமலே பார்த்துக்கொள்வது. அவளுடைய மெயிலை நான் திறந்தேன், 'வாடிக்கையாளர் எழுதிக்கொள்வது' என்ற முதல் வரியிலேயே எரிச்சல் வந்தது. தனிக்குடித்தனம் போனவள் எனக்கு வைக்கும் குத்தல் என்று நினைத்தேன். மேற்கொண்டு படிக்காமல் கறுப்பாக்கிப் போட்டேன். தினமும் எண்ணும்போது அதைச் சேர்த்து எண்ணினேன், வாசிக்கும்போது தாண்டினேன். மறந்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? தாண்டித் தாண்டியே அது என் கண்ணுக்கு மறைந்துபோயிருந்தது.

அவள் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு மெயில் வந்தது. பள்ளிக்கூடத்து விண்ணப்பம் மாதிரி மேலே தேதி எழுதியிருந்தாள். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"மதிப்பிற்குரிய அலுவலகத்தாருக்கு, ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் வாடிக்கையாளர் எழுதிக்கொள்வது. எங்கள் லிஃப்ட் தளத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. நின்ற பிறகும் மெல்ல இறங்குகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் 'இங்கேயும் வேலையா' என்கிறார். எனக்கு ஏழாவது மாதம். தயவுசெய்து கவனிக்கவும்."

சத்தமாகத்தான் படித்தேன். 'நின்ற பிறகும்' என்ற இடத்திலேயே இவர் எழுந்துவிட்டார்.

"பிரேக் தேஞ்சு போச்சு. பிடிக்கல" என்றார். "டேய், நீ அதுல ஏறறதே இல்லையா?"

கொழுந்தனின் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் எப்பவும் படிதான்ணே. நாள்பூரா லிஃப்ட்டுக்குள்ளயே கிடந்துட்டு…" முடிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு அவளுக்குச் செக்கப். நாலு மணிக்குக் கிளம்புவா."

போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. காவலாளி இல்லாத கட்டிடம், வேறு யாரிடம் சொல்வது? மூன்று பேரும் வேனில் ஏறினோம். பின்னால் கருவிகள் உருண்டு உருண்டு சத்தம் போட்டன. ஒரு சிக்னலில் நின்றபோது கொழுந்தன் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

வாசலில் நுழைந்ததும் லிஃப்ட் கதவைப் பார்த்தேன். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தது: 'ஏறாதீர்கள். நின்ற பிறகும் இறங்குகிறது.' அவள் கையெழுத்து. யாரோ அதில் பாதியைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். மேலே எண் மாறிக்கொண்டிருந்தது. ஐந்து. நான்கு. மூன்று. யாரோ வந்துகொண்டிருந்தார்கள். இவர் என் கையைப் பிடித்தார், மணிக்கட்டு வலிக்கிற அளவுக்கு. பெட்டி வந்து நின்றது. நின்று, இன்னும் இறங்கியது, முழங்கால் அளவுக்கு. கதவு திறந்தது.

தோளில் பையோடு ஒரு ஆள் தரையில் கை ஊன்றி மேலே ஏறினார். "கொஞ்சம் பள்ளமா நிக்குது, மத்தபடி நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இவர் கதவைத் திறந்தபடியே முட்டுக்கொடுத்து நிறுத்தினார். கொழுந்தன் இயந்திர அறைச் சாவியோடு இரண்டிரண்டு படியாகத் தாவினார். நானும் மூச்சு வாங்க ஏறினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கொழுந்தன் ஒரு கணம் நின்றது தெரிந்தது. ஓரகத்தியின் தலையைத் தொட்டுவிட்டு மேலே ஓடினார்.

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மருத்துவக் கோப்பு, கால்கள் வீங்கியிருந்தன, நெற்றியில் வியர்வை.

"அக்கா?" என்றாள். "நீங்க எங்க இங்க?"

எனக்கு அழுகை வந்தது. அவள் பக்கத்தில், ஒரு படி கீழே உட்கார்ந்தேன். "போன எடுக்க மாட்டியா?"

"பைக்குள்ள இருக்கு. படியில இறங்கும்போது ஒரு கைல கம்பி, ஒரு கைல வயிறு. எதால எடுக்கறது?" சிரிக்கப் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. "எழுதின அன்னிக்கே லிஃப்ட்ட விட்டுட்டேன். யாரும் வரல. சரி, வெள்ளையாக்கிட்டீங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"இல்லடி. கறுப்பாத்தான் வெச்சிருந்தேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்கே உறைத்தது. பத்தொன்பது நாள், ஐந்து மாடி, ஏறி இறங்கி.

கோப்பை நான் வாங்கிக்கொண்டேன். அவள் என் தோளில் கை வைத்து எழுந்தாள். மேலே இயந்திர அறையில் சுவிட்சு 'டக்'கென்று விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக இறங்கினோம். முதல் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள்.

"என் மெயில எப்பக்கா படிச்சீங்க?"

மாப்பிள்ளை மேல் பழியைப் போட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

"இன்னிக்குத்தான்" என்றேன். "மூணரை மணிக்கு."

என் தோளில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை. இன்னும் பதினெட்டுப் படி இருந்தது.