நானூறா, அறுநூறா

இரண்டு லென்ஸையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஒன்றை வாங்கலாம் என்று சொன்னது வெண்டல்தான். மனைவி ஐலீனிடம் விட்டிருந்தால் ஒன்றும் வாங்கியிருக்க மாட்டாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவளுக்கு இத்தனை பெரிய லென்ஸ் எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு, கேமராவோடு வந்த பழைய முந்நூறு எம்.எம். லென்ஸை வைத்தே காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் அவள் படம் எடுக்கிற கழுகு ஜோடி அவளைக் கேட்டுக்கொண்டா கூடு மாற்றுகிறது? கரையோரம் இருந்த கூடு போன வருஷக் காற்றில் விழுந்ததும், இரண்டும் போய் மிசிசிப்பிக்கு நடுவில் இருக்கிற தீவில், பட்டுப்போன ஒரு காட்டன்வுட் மரத்தின் உச்சியில் குடித்தனம் வைத்துவிட்டன. முந்நூறில் பார்த்தால் கூடு இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைச் சொந்தமாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டும்.

வெண்டலுக்குத்தான் அது தாங்கவில்லை. பிப்ரவரியில் அவன் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த மனுஷன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்ததுதான். டாக்டர் நடக்கச் சொன்னார். ஐலீன் கெஞ்சினாள். டென்வரிலிருந்து மகள் போனில் அழுதாள். அசைந்தானா? ஏப்ரலில் அந்தக் கூட்டில் குஞ்சு பொரிந்த சேதி வந்த பிறகுதான் ஷூவை மாட்டினான். அதிலிருந்து தினமும் ஆற்றங்கரை வரை நடை. "பொடியன் என்ன பண்றான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவான். அவனை நாற்காலியிலிருந்து எழுப்பியது எந்த மாத்திரையும் இல்லை, அந்தக் குஞ்சுதான் என்பது ஐலீனுக்குத் தெரியும். பறந்து போகிற வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பஸ் ஓட்டும்போதுகூட மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

மே மாதக் கடைசியில் படகையே இறக்கிவிட்டான். பக்கத்து வீட்டு டுவேனைக் கூட்டிக்கொண்டு வாலாய் மீன் பிடிக்கப் போனவன், வெறுங்கையோடு திரும்பி வந்து, ராஜா மாதிரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். இத்தனை பெரிய மீன், ஐலீன், தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு முள், தகடு எல்லாவற்றோடும் போய்விட்டது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் விரிந்தது. தூண்டில் முள்ளுக்கு மேலே தண்ணீரில் சுழலும் அந்தத் தகடுகளுக்கு அவனே வர்ணம் பூசுவான். மகள் கல்யாணத்துக்கு வாங்கி, பார்க்கச் சகிக்காமல் ஐலீன் மூலையில் போட்ட ஊதா நெயில் பாலிஷ்தான் வர்ணம். அதன் மேல் மூன்று மஞ்சள் பொட்டு. "இந்தக் கலரு இந்த ஆத்துலயே என்கிட்ட மட்டுந்தான்" என்று பீற்றிக்கொள்வான். மீன் போன கதையை தபால்காரரிடம் சொன்னான், சர்ச்சில் சொன்னான், கூடவே படகில் இருந்த டுவேனிடமே சொன்னான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அந்த வாரம்தான். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஐலீனும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள்.

லென்ஸ்கள் வந்தது ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கடை மூடுவதற்குள் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒன்று நானூறு வரைக்கும் போகிற ஜூம். கையிலேயே பிடித்து எடுக்கலாம். மற்றது அறுநூறு வரைக்கும். முக்காலி இல்லாமல் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

சனிக்கிழமை காலை கரைப் பூங்காவில் வழக்கமான ஆட்கள் வரிசையாக முக்காலியை நட்டிருந்தார்கள். நடுநாயகமாக டுவேன், பீரங்கி மாதிரி தன் லென்ஸோடு.

"நானூறா? போயும் போயும் பொம்மைய மொதல்ல மாட்டறே" என்றான் அவன். "எட்டாத லென்ஸ் எதுக்கு ஐலீன்? அறுநூறப் போடு."

"உன்னோடதத் தூக்க ஒரு கழுதை வேணும். எங்க வீட்டுக் கழுதைக்கு இப்பத்தான் ஆப்பரேஷன் ஆயிருக்கு."

"கழுதைக்கு மொதல்ல காபி ஊத்து" என்றான் வெண்டல், மடக்கு நாற்காலியிலிருந்து.

நானூறில் பார்த்ததுமே ஐலீனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பொடியன் தெரிந்தான். கரேலென்று, தாய் உயரத்துக்கு வளர்ந்து, கூட்டு விளிம்பில் நின்றான். சிறகை விரித்தான், எம்பினான், கீழே வந்தான், பக்கவாட்டில் தத்தினான், மறுபடி எம்பினான். பறந்து பழகுகிற பருவம். ஒரு காலைத் தூக்கி அவன் சுற்றியதைப் பார்த்துவிட்டு வெண்டல் தொடையில் தட்டிச் சிரித்தான். "கல்யாண வீட்டுல உங்க அண்ணன் ஆடினாரே, அதே ஆட்டம்!" ஐலீன் விரலை எடுக்காமல் எடுத்துத் தள்ளினாள். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, எங்கள் பொடியன் டான்ஸ் ஆடுகிறான் என்று எழுதி, ஊர்ப் பறவைக்காரர்கள் குழுவுக்குப் போனிலேயே அனுப்பினாள். அடுத்த நிமிஷமே இதயமும் கைத்தட்டலுமாக வந்து குவிந்தன.

டுவேனின் நச்சரிப்பு தாங்காமல்தான் அப்புறம் அறுநூறை மாட்டினாள். முக்காலியை இறுக்கினாள். கூட்டைத் தேடிப் பிடித்து, முழுசாக இழுத்துப் பார்த்தாள்.

பொடியனின் வலது காலில் பச்சையாக ஏதோ சுற்றியிருந்தது. புல் என்று நினைத்தாள். அவன் எம்பினான், அந்தப் பச்சை விறைத்தது, காலை வெடுக்கென்று இழுத்துக் கீழே போட்டது. தூண்டில் நரம்பு. ஒரு முனை காலில், மறுமுனை கூட்டுக் குச்சிகளுக்குள் சிக்கியிருந்தது. எம்ப எம்ப இறுகிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் டான்ஸ் என்று சிரித்துச் சிரித்து எடுத்ததெல்லாம் இதைத்தானா?

நரம்பின் நடுவில் ஒரு தகடு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் திரும்பியது. ஊதா நிறம். மூன்று மஞ்சள் பொட்டு.

அந்தப் பெரிய மீன் எங்கே போயிற்று என்பது இப்போது தெரிந்துவிட்டது. முள்ளோடு செத்து மிதந்ததைக் கழுகு தூக்கிக்கொண்டு வந்து பிள்ளைக்குப் போட்டிருக்கிறது.

"என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கறே" என்றான் வெண்டல்.

"கால்ல தூண்டில் நரம்பு சுத்திக்கிட்டிருக்கு." அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஆளைக் கூப்பிட வேண்டுமே. தகட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"நவுரு, நான் பாக்கறேன்."

அவன் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அறுநூறைக் கழற்றி நானூறை மாட்டிவிட்டாள். "தண்ணி மேல அனல் ஏறிடுச்சு. அறுநூறுல எல்லாம் நெளியுது. இதுலயே பாரு." நல்லவேளை, அது பாதி உண்மை. வெயில் ஏறினால் தூரத்து லென்ஸில் காற்று நெளிவது எல்லாருக்கும் தெரியும்.

வெண்டல் நானூறில் பார்த்தான். "ஒண்ணும் தெரியலயே. ஆடிட்டுத்தானே இருக்கான்? டுவேன், உன் பீரங்கி என்ன சொல்லுது? எவன் நரம்பு அது?"

டுவேன் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை வாடகைக்கு எடுத்தவன் மாதிரி பேசுகிறவன், ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. வெண்டல் கொடுத்த அதே ஊதாத் தகடுகள் அவன் பெட்டியிலும் இருந்தன. அறுந்துபோனது யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா? நிமிர்ந்தபோது ஐலீனைத்தான் பார்த்தான். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

"எனக்கும் நெளியுதுப்பா" என்றான். "என்னவோ பச்சையா இருக்கு. அவ்வளவுதான் தெரியுது."

வெண்டல் படகை எடுக்கிறேன் என்று குதித்தான். தைத்த நெஞ்சை வைத்துக்கொண்டு எந்த மரத்தில் ஏறப்போகிறாய் என்று ஐலீன் சத்தம் போட்டாள். வனவிலங்கு அலுவலகத்துக்கு அவள் போன் போட்டதில், மத்தியானம் கிர்ஸ்டன் என்கிற இளம் அதிகாரி வந்தாள். பாவம், நல்ல பெண். கரையோரமாக நடந்து வேறு பக்கத்திலிருந்து மரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வெண்டலை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு ஐலீன் அவளோடு போனாள்.

"மரம் பட்டுப்போச்சுங்க. ஆள் ஏறினா ஆளோட சேந்து விழும்" என்றாள் கிர்ஸ்டன். "தீவுக்கு ஏணி வண்டி போகாது. மனுஷன் கிட்டப் போனாலே குஞ்சு பயந்து குதிக்கும். குதிச்சா அந்த நரம்புலயே தொங்கிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"சில சமயம் அதுவே அறுத்துக்கும்." சொல்லும்போது அவள் ஐலீன் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது வெண்டல் வண்டிக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். பின்சீட்டில் கேமராவுக்குப் பக்கத்தில் அறுநூறின் பை திறந்து கிடந்தது. தானேதான் அவசரத்தில் திறந்து போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஐலீன் ஜிப்பை இழுத்து மூடினாள். அதிகாரி சொன்னதைச் சொன்னாள். அவன் ம் என்றான். படகைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரையில்தான் கிடந்தார்கள். தாய்க் கழுகு மீன் கொண்டு வந்தது, கிழித்து ஊட்டியது, போயிற்று, மறுபடி வந்தது. பிள்ளை ஏன் விளிம்புக்கு வரவில்லை என்று அதற்கு என்ன தெரியும்? கொண்டு வந்து போடுவதுதான் அதற்குத் தெரிந்த வைத்தியம். பொடியன் எம்பினான். சாயங்காலம் எம்பவில்லை. ஐலீன் கேமராவில் நானூறையே விட்டுவைத்திருந்தாள். கேட்டால் சொல்வதற்குக் கழுத்து வலி, முக்காலி பாரம், அனல் என்று காரணங்களை வரிசையாகத் தயார் பண்ணியிருந்தாள். வெண்டல் கேட்கவில்லை. அவ்வப்போது வந்து கண்ணை வைத்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றான். "களைச்சுப் போய்ப் படுத்திருக்கான்."

"ஆமா. களைச்சிருப்பான்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை பொடியன் எழுந்திருக்கவில்லை. ஒரு சிறகு கூட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தாய் ஒரு மீனைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிடு என்பது போல நின்றுகொண்டிருந்தது. நானூறிலேயே அது நன்றாகத் தெரிந்தது. டுவேன் தன் பீரங்கிக்கு மூடி போட்டான். போகும்போது வெண்டல் தோளில் கையை வைத்துவிட்டுப் போனான்.

கடைக்கு இரண்டு பேருமே போனார்கள். அறுநூறுதான் வேண்டும், பொடியன் பறக்கும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று லென்ஸ் வருவதற்கு முன்னால் வெண்டல் ஒரு மாதம் பாட்டுப் பாடியிருந்தான். அடுத்த வருஷமும் கூட்டில் அந்தத் தகடு தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அறுநூறு வீட்டுக்கு வந்தால் என்றைக்காவது ஒரு நாள் அவன் பார்த்துவிடுவான். எப்பாடு பட்டாவது நானூறை வாங்கிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினாள் ஐலீன்.

கடைப் பெண்ணும் அந்தப் பறவைக் குழுவில் இருந்தாள். "அந்த டான்ஸ் படம் நீங்க எடுத்ததுதானே? அப்படியே சொக்கிப் போயிட்டேன். பெருசா பிரிண்ட் போட்டு இங்க சுவத்துல மாட்டலாமா?" என்றாள் பூரிப்போடு. ஐலீன் நானூறை எடுத்து மேஜையில் வைத்தாள். "சரி, எது பிடிச்சிருக்கு? தூரந்தானே எல்லாருக்கும் வேணும், அறுநூறா?"

ஐலீன் கழுத்து வலியைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெண்டல் முந்திக்கொண்டான்.

"நானூறு போதும்மா" என்றான். "அதுக்கு மேல தெரிய வேண்டாம்."

ஐலீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அறுநூறின் பையை மேஜையில் வைத்து, ஜிப்பை நிதானமாக மூடிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பின்சீட்டில் திறந்து கிடந்த அதே பை.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது.

"அந்த ஊதா எவ்வளவு பளிச்சுனு தெரியுது, பாத்தியா" என்றான் வெண்டல், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "மூணு பொட்டும் தெரியுது."

"வெண்டல்."

"நீ கஷ்டப்பட்டு மறைக்கறே. உனக்காகத்தான் நானும் தெரியாத மாதிரியே இருந்தேன்."

"வேணும்னா பண்ணினே? மீன் அறுத்துக்கிட்டுப் போச்சு. அது உன் தப்பில்ல."

"ஊரெல்லாம் சொன்னேன் ஐலீன். இத்தப் பெருசு, இத்தப் பெருசுன்னு." மடியிலிருந்த கைகளைக் கொஞ்சம் விரித்தான், பிறகு சேர்த்துக்கொண்டான்.

ஐலீன் வீடு வரைக்கும் வண்டியை ஓட்டினாள்.

மறுநாள் காலை அவன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஐலீன் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். வெயில் நன்றாக இருக்கிறது, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாமே என்றாள். வாசலில் கிடந்த அவன் ஷூவை எடுத்துவந்து, நாடாவைத் தளர்த்தி, அவன் காலுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள். காபி ஆறிப்போயிற்று. அவள் அதை எடுத்துக்கொண்டு போய் வேறு காபி கொண்டுவந்தாள். சாயங்காலம் வரை ஷூ வைத்த இடத்திலேயே இருந்தது.